வேலையை விட்டவரும் வீட்டை விட்டவரும்



சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று சிக்கந்தராபாத்தில் வந்தனை முடிந்து அன்பர்கள் கலைந்தபின், நம்மோடு ஆலையில் தறி ஓட்டிய பழைய தோழர் ஒருவர் தம் மகனைக் கொணர்ந்து நம் முன்னே நிறுத்தினார். பிள்ளைக்கு ஹைடெக் சிட்டியில் கணினி உத்தியோகம், கைநிறைந்த சம்பளம். அதனை விட்டு மிதிவண்டியேறி இமயம் வரையிலும், கூடுமாயின் அதற்கப்பாலும் செல்லப் போகின்றானாம். "அண்ணா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை. பிள்ளையோ, "ஐயா, எனக்கு வயது இருபத்தொன்பது. பகவன் வீட்டை விட்டதும் அந்த வயதில்தானே?" என்று நம்மை மடக்கினான். அன்று நமக்கு நாவெழவில்லை. மறு ஞாயிறன்று அவர்கள் இல்லம் சென்றோம். அங்கே பேசியதை யாவரும் அறிய எழுதுகின்றோம்.

உத்தியோகத்தை விட்டு மிதிவண்டியில் உலகம் சுற்றுதல் இந்நாளைப் பித்தென்று பெரியோர் எண்ணுகின்றனர். அஃது அன்று. சில்ஹெட் பகுதியிற் பிறந்த ராம்நாத் பிஸ்வாஸ், மலாயாவில் வேலை பார்த்திருந்தவர், 1931ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியிற் புறப்பட்டார். முதலிற் சீனம், கொரியா, ஜப்பான். பின்னொரு முறை ஆப்கானிஸ்தானம் வழியே ஐரோப்பா. மற்றொரு முறை ஆப்பிரிக்கா. கண்டவற்றை வங்காள மொழியிற் பல நூல்களாக எழுதிவிட்டு 1955இல் மறைந்தார். ஜெர்மனி தேசத்து ஹெயின்ஸ் ஸ்டூக்கே நம்மைப்போல் தொழிலாளி. தொழிற்சாலையிற் கருவி செய்தவர். 1962ஆம் ஆண்டு நவம்பரில் ஊரை விட்டவர், ஆறு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, 2014இல் ஊர் திரும்பினார். தொழிற்சாலைக்கு மீண்டும் போக மனமில்லாமையும் அவரை நெடுந்தூரம் ஓட்டிற்று என்பர். பதினெட்டு ஆண்டு ஆலைச் சங்குக்கு விழித்தெழுந்த நமக்கு அது விளங்காமற் போகுமோ?

ஆயினும், வேண்டாமென்று ஓடுதலையும் பகவன் வேட்கையின் கணக்கிலேயே சேர்த்தார். "நீ எதை நாடிப் போகின்றாய்?" என்றோம். பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. "தெரியாது ஐயா, இங்கே மூச்சு முட்டுகிறது" என்றான். மெய் சொன்னான், அதனை நாம் மதித்தோம்.

நிற்க. பகவன் தந்தையைத் துயரில் ஆழ்த்திச் சென்றவர் என்பது மெய்யே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஞானம் பெற்றுக் கபிலவஸ்துவுக்கு மீண்ட காலத்தில் தம்பி நந்தரும், பின்னர்ச் சிறுவன் இராகுலனும் துறவு பூண்டனர். மகனும் போனான், இளைய மகனும் போனான், பேரனும் போனான். கிழ அரசர் சுத்தோதனர் வந்து நின்றார். போனவரைத் திருப்பித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் இனிச் சேர்க்கலாகாது என்ற விதியைக் கேட்டார். தம்மால் நொந்த தந்தை கேட்டதை மகன் சங்கத்தின் விதியாக்கினார். கடன்பட்டவனைச் சேர்க்கலாகாது என்பதும் அவ்வினயத்திலேயே உண்டு.

"கடன் உண்டா?" என்றோம். அடுக்கு வீட்டின்மேல் வங்கிக் கடன். அதில் தந்தையின் கையொப்பம். இன்னும் மூன்று ஆண்டுத் தவணை. தந்தை தலை குனிந்தார். அப்போது பிள்ளை கேட்டான்: "ஐயா, நீங்கள் ஆலையை விட்டபோது யாரைக் கேட்டீர்கள்?"

ஒருவரையும் கேட்கவில்லை. மளிகைக் கடையில் ஏழு மாதப் பாக்கியோடு வெளியேறினோம். நம் இல்லாள் பீடி சுற்றி அப்பாக்கியைத் தீர்த்தார். அந்நாட்களில் நாம் ஊர் ஊராய்ச் சென்று பற்றறுத்தலைக் குறித்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தோம். இதனை மேடையில் இதுகாறும் நாம் சொன்னதில்லை, அப்பிள்ளையிடம் சொன்னோம்.

பின்னர், பிக்குவுக்குரிய எட்டுப் பொருள்களில் ஊசியும் ஒன்று, கிழிந்ததைத் தானே தைத்துக்கொள்ளல் வேண்டும் என்று கூறி, பஞ்சர் ஒட்டத் தெரியுமா என வினவினோம். கடையில் ஒட்டுவார்கள் என்றான்! தந்தையும் சிரித்துவிட்டார்.

கடன் தீருமட்டும் விடுமுறை தோறும் நாகார்ஜுனசாகர் போய் வா என்றோம். இப்ராஹிம்பட்டணம், மால், மல்லேபள்ளி வழியாக ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். 1955இல் அடிக்கல் நாட்டிய அணையின் நீர் சூழ்ந்து தீவாகிவிட்ட நாகார்ஜுனகொண்டாவுக்குப் படகேறிச் செல்லுதல் வேண்டும். அப்பள்ளத்தாக்கில் மூன்றாம் நூற்றாண்டில் போதிசிரி என்னும் உபாசிகை, இலங்கைத் தேரர்களுக்காகச் சைத்தியம் எடுத்துக் கல்லில் எழுதுவித்தாள். காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம் எனத் தம்மம் பரவிய நாடுகளை வரிசையாய்க் கூறும் அவ்வெழுத்தில் தமிழ் நாட்டின் பெயரும் உண்டென்று அறிஞர் படித்துள்ளனர். அத்தேரர் மரபினருக்கு மிதிக்கவும் வண்டியில்லை. மலையும் காடும் நடந்தே கடந்தனர். அவர்களுக்கு இடமும் சோறும் அளித்தது வீட்டை விடாத ஒருத்தியின் குடும்பம்.

பிள்ளை வரும் சங்கராந்தி விடுமுறைக்குப் புறப்படுகின்றான். தந்தை முன்னதாகவே பேருந்தில் சென்று படகுத்துறையில் காத்திருப்பதாகச் சொல்லுகின்றார். சொல்யூஷனும் ரப்பர்த் துண்டுகளும் அன்று மாலையே வாங்கப்பட்டன. ஒட்டுவதற்கு நாமே கற்றுக்கொடுத்தோம்.