மறதிக்கு முந்திய பிரார்த்தனை

மும்பையின் தாதர் ரயில் நிலையத்தில் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி முதல், மேற்கு ரயில்வேயின் ஒன்று முதல் ஏழு வரையிலான பிளாட்பாரங்களை அப்படியே விட்டுவிட்டு, மத்திய ரயில்வேயின் ஒன்றாம் பிளாட்பாரத்தை எட்டு என்றும், அதிலிருந்து வரிசையாகப் பதினான்கு வரையிலும் புது எண்ணிட்டார்கள். இரு தடங்களிலும் ஒரே எண்கள் இருந்ததால் வெளியூர் ஜனங்களுக்கு உண்டான குழப்பத்தைத் தீர்ப்பது நோக்கம். ஆனால் நெடுங்காலம் மாதுங்காவிலோ செம்பூரிலோ குடியிருந்து, பழைய எண்ணைக் கால்களே அறிந்துவைத்திருக்கும் ஒரு முதியவர், புதுப் பலகையின் கீழ் ஒரு கணம் திகைத்து நின்றால், பக்கத்தில் நிற்கும் மகனின் மனத்தில் எழும் சந்தேகம் ரயில்வேயைப் பற்றியதாக இருப்பதில்லை. அப்பாவைப் பற்றியதாகவே இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. “சும்மா ஒரு செக்கப்தாம்ப்பா” என்று மகன் சொல்வதும், “வயசானா மறக்கத்தான் செய்யும், போடா” என்று தகப்பனார் பத்திரிகையை விரித்துக்கொள்வதும் ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் கேள்வி, வைத்தியத்தைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், வைத்தியரால் மட்டும் தீர்க்கக்கூடியதன்று.

அறியாதிருக்கும் உரிமை என்று ஒன்று உண்டா? உண்டென்றே ஜேம்ஸ் வாட்ஸன் கருதினார். டி.என்.ஏ.வின் உருவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான அவர், 2007-இல் தம்முடைய மரபணுத் தொகுதி முழுவதையும் உலகறிய வெளியிட இசைந்தபோது, அல்ஸைமர் நோய்க்கான சாத்தியத்தைக் காட்டக்கூடிய ஒரே ஒரு மரபணுவை மட்டும் தமக்கும் சொல்லவேண்டாம், பிறருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டி அந்நோயால் பாதிக்கப்பட்டவர். அக்கம்பக்கத்துக் குறியீடுகளைக் கொண்டே அதை ஊகித்துவிடலாம் என்று வேறு விஞ்ஞானிகள் பின்னர் எடுத்துக்காட்ட, அவற்றையும் நீக்கவேண்டியதாயிற்று. (தாதரின் சால் குடியிருப்புகளில் வசித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் அங்கே எதை மறைத்துவிட முடியும்?) அவர் முடிவை நான் மதிக்கிறேன். நோயின் அறிகுறி எதுவுமில்லாத மனிதனுக்கு மரபணு சொல்வது சாத்தியத்தை மட்டுமே. பரிகாரமில்லாத சாத்தியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

அறிகுறி தென்பட்டவரின் நிலைமை வேறு. மறதிக்குக் காரணம் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். பால், தயிரன்றிப் பிராணி சம்பந்தமான ஆகாரம் எதையும் அறியாத நம் குடும்பங்களில் அது அபூர்வமன்று. தைராய்டு சோர்ந்திருக்கலாம், கீழே விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், தூக்க மாத்திரையின் விளைவாயிருக்கலாம், மனைவியை இழந்த துக்கமே மறதியின் வேஷத்தில் வந்திருக்கலாம். இவற்றுள் பல சிகிச்சைக்கு இணங்குபவை. அவற்றைத் தேடாமலே விதி என்று அமர்ந்துவிடுவதை வைராக்கியமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் முதியவர் அஞ்சுவது ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அன்று. ஸ்மிருதி போய்விட்டால் தாமே போய்விடுவோம் என்பதே அவருடைய பயம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், நினைவு எட்டுமளவுக்கே ஒருவன் அதே ஒருவனாக இருக்கிறான் என்று வாதித்தார். கீதையின் எட்டாம் அத்தியாயமோ, சரீரத்தை விடும் தருணத்தில் எதை ஸ்மரிக்கிறானோ அதையே அடைகிறான் என்னும் கருத்தை நம் முன் வைக்கிறது. அப்படியானால் அந்தத் தருணத்தில் பெற்ற மகளின் பெயரே தெரியாதவளுக்குக் கதி என்ன? லாக்குக்குப் பதில் சொல்ல, பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் 1901-இல் சேர்க்கப்பட்ட அகஸ்டே டீட்டர் என்னும் ஐம்பத்தொரு வயது மாதுவை அழைக்கலாம். அவளைப் பரிசோதித்த அலோய்ஸ் அல்ஸைமரின் பெயராலேயே பிற்பாடு அந்நோய் வழங்கலாயிற்று. தன் பெயரை எழுதத் தொடங்கி முடிக்க இயலாமற்போன அவள், தன்னையே தான் தொலைத்துவிட்டதாகச் சொன்னாளாம். தொலைந்ததை உணர்ந்து சொன்னவள் எவளோ, அவள் தொலையவில்லை. நம் வேதாந்திகள் ஸாக்ஷி என்று எதைச் சொல்லிவந்தார்களோ, அதன் குரலாகவே அந்த வாக்கியம் எனக்குப் படுகிறது.

கீதையின் கேள்விக்கோ நம் பக்தர்கள் நெடுநாளைக்கு முன்பே வேறொரு வழியில் விடை தேடிக்கொண்டார்கள். உயிர் பிரியும் வேளையில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகையால் அந்த வேளைக்கு வேண்டியதை இன்றே விண்ணப்பித்துவிடுகிறேன் என்று அரங்கத்தானிடம் முன்கூட்டியே முறையிட்டவர் பெரியாழ்வார். காவேரிக்கரையில் கொடுமுடியில் நின்ற சுந்தரர், தாம் மறந்தாலும் தம் நாக்கு மறவாது என்று நம்பினார். வைஷ்ணவர்கள் போற்றும் வராஹ சரம சுலோகத்தில் வராஹமூர்த்தி பூமிதேவிக்குத் தரும் உறுதி இவற்றையெல்லாம் விஞ்சியது: தேகமும் சித்தமும் ஸ்வஸ்தமாக இருக்கையில் தன்னை நினைத்த பக்தன், கடைசியில் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது, அவனை நினைக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாக பகவான் சொல்கிறான். ஸ்மரணம் ஜீவனின் கடமையாயிருந்த நிலை மாறி, ஈசுவரனின் கடமையாகிவிடுகிறது. பேரனை யாரென்று கேட்கும் பாட்டி, விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் எங்கே அடியெடுத்துக் கொடுத்தாலும் அங்கிருந்து தடையின்றித் தொடர்வதைக் கண்ட குடும்பங்களுக்குச் சுந்தரரின் நம்பிக்கை வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

பெரியாழ்வாரின் விண்ணப்பத்தில் நான் காண்பது சரணாகதியை மட்டுமன்று. காலத்தை அறிந்த விவேகத்தையும்தான். சித்தம் தெளிவாயிருக்கும்போது பேசிவிடவேண்டும் என்பது அதன் உட்பொருள். நம்முடைய சட்டமும், அறிந்தோ அறியாமலோ, அதையே சொல்கிறது. உயில் எழுதுவதற்குத் தெளிந்த புத்தி வேண்டும். பிள்ளையின் பெயருக்குக் கொடுத்த பவர் பத்திரம் எக்காலத்துக்கும் செல்லுமென்று பலர் நம்பியிருக்கிறார்கள். கொடுத்தவரின் புத்தி தடுமாறியதும் அதுவும் செல்லாதாகிவிடுகிறது, அப்புறம் தகப்பனாருக்குக் கார்டியனாக நியமிக்கும்படி ஹைகோர்ட்டின் படியேறவேண்டியதுதான். மீளவழியற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்து, 2023-இல் நோட்டரி முன்பாகவே அதைச் செய்துகொள்ளலாமென்று எளிதாக்கியது. பரிசோதனை செய்துகொள்வதற்கு நான் காணும் பிரதான நியாயம் இதுவே: பேசுவதற்கு இன்னும் எவ்வளவு அவகாசம் என்பதை அது ஒருவாறு உணர்த்தும்.

ஆனால் அந்த நியாயம் முதியவருக்கே உரியது. ரத்த அழுத்தம் பார்க்க என்று பொய் சொல்லி அழைத்துப்போய், முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்காரவைத்துக் கடிகாரம் வரையச் சொல்வதும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதும் அவருடைய கௌரவத்துக்கு இழைக்கும் குற்றம். அதிலும், கடைத்தெருவுக்கு மட்டும் ஹிந்தி கற்ற ஒரு தமிழ்த் தாயாரை ஹிந்தியிலேயே கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால், அது அளப்பது ஞாபகத்தையா, பாஷையையா? தமிழில் கேட்கும்படி வற்புறுத்த அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பூரண உரிமை உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பரிசோதனை வேண்டாமென்றே ஒருவர் முடிவு செய்யலாம். தமக்குப்பின் பகடி வாடகை வீட்டின் காகிதங்களை யார் பார்ப்பது, தம் வாயில் குழாய் செருகலாமா கூடாதா, எந்த ஸ்தோத்திரத்தைத் தம் காதில் யார் ஓதுவது என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டு மகனிடம் அவர் தந்துவிட்டாரானால், அந்த மகன் செக்கப் என்னும் பேச்சை மறுபடி எடுக்கவேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். பி12-க்கு மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.