விதையா? விதியா?

பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்குப் படிப்பு உண்டு, பண்பு உண்டு, நம் புதியம்புத்தூரிலே நாளெல்லாம் தையல் எந்திரத்தை மிதித்துக் குடும்பத்தைத் தாங்கும் உழைப்பும் உண்டு. பேச்சு முடிந்து வெற்றிலைத் தட்டும் வந்துவிட்டது. அப்போது வந்தவர்களில் ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெண்ணோட அத்தைக்குச் சித்தம் கலங்கி இருந்துச்சாமே?" அவ்வளவுதான்! தட்டு உள்ளே திரும்பிற்று. வந்தவர்கள் வாயிற்பக்கம் திரும்பினர்.

இக்காட்சியைக் காணாத ஊர் உண்டோ?

அன்று மாலை திண்ணையிலே மூன்று தீர்ப்புகள் பிறந்தன. "பேய் பிடித்த குடும்பம்" என்றார் ஒருவர். "முன்னோர் செய்த பாவம்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் கல்லூரி கண்டவர். பகுத்தறிவுக் கூட்டங்களில் கைதட்டுபவருங்கூட. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பேயுமில்லை, பாவமுமில்லை, எல்லாம் மரபணு! இரத்தத்தில் இருப்பதை யாரால் மாற்ற முடியும்?"

முதலிருவரோடு வாதிட்டுப் பழகியவர்கள் நாம். இன்று நம் வழக்கு மூன்றாமவரோடுதான். ஏன்? பேயென்றவர் அதை விரட்ட வழியுண்டு என்கிறார். பாவமென்றவர் பரிகாரம் உண்டு என்கிறார். பொய்யான கதவுகளே எனினும், கதவு என்று ஒன்றையாவது காட்டுகிறார்கள். படித்தவரோ சுவரைக் காட்டுகிறார்! "பிறப்பிலேயே எழுதியாயிற்று" என்கிறார். நாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல் அல்லவா இது? தலையெழுத்தை அழித்துவிட்டு அணுவெழுத்தை எழுதிக்கொள்வதற்குப் பெயர்தான் பகுத்தறிவோ?

அப்படியானால் மரபணுவுக்கும் மனநோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதை மறுப்பதும் அறிவுக்குச் செய்யும் துரோகமே. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொள்வோம். இருவர்க்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்கு மனச்சிதைவு கண்டால், மற்றவர்க்கும் அது வரும் வாய்ப்பு, ஊரார்க்கு உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. இது மரபின் சான்று. ஆனால், அத்தகைய இரட்டையரில் பாதி இணைகளிலாவது மற்றவர் அந்நோய் இன்றியே வாழ்கிறார்! இது எதன் சான்று? மரபு மட்டும் போதாது என்பதன் சான்று.

நாட்டில் மிகப் பரவலாகக் காணும் மனச்சோர்வுக்கு மரபின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 37 என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒருவரின் துயரத்தில் 37 பங்கைத் தாய்தந்தையர் தந்தனர் என்பது இதன் பொருளன்று. மனிதர்க்கு மனிதர் காணும் வேற்றுமையில் அவ்வளவை மரபு விளக்கும் என்பதே பொருள்.

கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மூட்டைப் பருத்தி விதை. பாதியை மழை கண்ட நிலத்தில் விதைக்கிறோம். பாதியை மழை பொய்த்த மேட்டில் விதைக்கிறோம். ஒன்று தழைக்கிறது, மற்றது கருகுகிறது. விதையின்மீதா பழி? இருவகை விதையை ஒரே நிலத்தில் இட்டாலோ, விதையின் வேற்றுமை தெரியும். அறிவுள்ள உழவன் விதையையும் பார்ப்பான், நிலத்தையும் பார்ப்பான்.

விதை குறையுள்ளது என்பதாலேயே விளைவு முடிவாகிவிடுமா? ஃபீனைல்கீட்டோனூரியா என்றொரு நோய். மரபணுப் பிழையால் வருவது. கவனியாது விட்டால் குழந்தையின் மூளை கெடும். பிறந்தவுடன் கண்டறிந்து தனி உணவு கொடுத்துவந்தால், குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும். மரபு மாறவில்லை, உணவு மாறிற்று, வாழ்வு மாறிற்று!

விஞ்ஞானமும் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டுதான் வளர்கிறது. துன்பம் நேரும்போது யார் மனச்சோர்வில் வீழ்வார் என்பதை ஒரு குறிப்பிட்ட மரபணு காட்டிவிடும் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது, உலகமே வியந்தது. 2019-இல் இலட்சக்கணக்கானோரின் மரபணுக்களைச் சோதித்தபோது, அதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2025-இல் 29 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வோ, மனச்சோர்வோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் சற்றேறக்குறைய 700 என்றது. ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிது. அவற்றில் சில, என்னிடமும் உண்டு, உம்மிடமும் உண்டு, பெண் பார்க்க வந்த அப்பெரியவரிடமும் உண்டு! களங்கக் குடும்பம், களங்கமற்ற குடும்பம் என்று கோடு கிழிக்க இடமெங்கே?

மரபை விதியாக்கியவர் கையில் ஆட்சியும் கிடைத்தால் என்ன நேரும்? வரலாறு கூறும். 1933-இல் இட்லரின் ஜெர்மனி, மனச்சிதைவு உள்ளவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றிற்று. 1940, 41-ஆம் ஆண்டுகளில் 70,000-க்கும் மேற்பட்ட மனநோயாளரும் ஊனமுற்றோரும் நச்சுப்புகை ஊட்டிக் கொல்லப்பட்டனர். "விஞ்ஞானம்" என்ற பெயரால்!

பேயென்று நம்பிய பக்கம் மட்டும் அருள் பொழிந்ததோ? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6. குணம் தேடி வந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர். எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இன்று விதிக்கிறது.

பகுத்தறிவாளர்க்குக் கசக்கும் உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனநோயாளர் வந்து தங்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றை மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் எழுதினர். அங்கே தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள், சில வாரங்களில், அளவிடத்தக்க வகையில் குறைந்திருந்தன! கடவுளின் வெற்றியோ? ஆய்வாளர் அப்படிக் கூறவில்லை. விரட்டாத இடம், அடிக்காத கை, உடனிருந்த உறவு — இவற்றின் பயன் என்றே கருதினர். கல்லுக்குப் போகும் நன்றியைச் சூழலுக்குச் சேர்ப்போம். அத்தகைய சூழலை நம் வீட்டில், நம் பள்ளியில் உண்டாக்கினோமா என்றும் கேட்டுக்கொள்வோம். பேயோட்டியை எள்ளி நகையாடிவிட்டு, எதிரியைத் திட்டும்போது "கீழ்ப்பாக்கம்" என்கிறோமே, அது எந்தப் பகுத்தறிவு?

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் பத்தில் ஒருவர் மனநலக் குறையால் வாடுவதாகக் கண்டது. அவர்களுள் பத்தில் ஏழு பேர்க்கு மேல் மருத்துவமே பெறவில்லை. கடன், வன்முறை, குடி, இளமையில் பட்ட அடி, பிரிவு — இவை நிலத்தின் குறைகள். இவற்றை மாற்றலாம். மரபின் பங்கையும் அறியவேண்டும். தக்க மருந்து அதனால் பிறக்கலாம். மனச்சிதைவின் மரபணுக்களைத் தேடித் தென்னிந்தியர் 3,000 பேரளவில் ஆராய்ந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஐரோப்பியர் இரத்தத்தையே பெரிதும் படித்துவந்த துறையில், நம் மக்களும் இடம்பெறுதல் நன்றே.

இளைஞனே! உன் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் உறங்காமல், உண்ணாமல், பேசாமல் ஒடுங்கினால், வேப்பிலையைத் தேடாதே, வம்சத்தையும் தேடாதே. அருகே அமர், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல், வழி தெரியாவிடில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைச் சுழற்று. நாளை உனக்குப் பெண் பார்க்கப் போகும் இடத்தில், பெரியவர் குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்பார். அப்போது நீ குரலை உயர்த்து! "அத்தைக்கு நோய் இருந்தது, வைத்தியம் பார்த்தார்களா?" என்று மட்டும் கேள். வெற்றிலைத் தட்டு உள்ளே திரும்பாதிருக்கட்டும்.