விரலின் விலை

ஏகலைவனின் கட்டைவிரலைத் துரோணர் காணிக்கையாகக் கேட்டபோது, அதன் மதிப்பை இருவருமே அறிந்திருந்தனர். இக்காலத் தொழிற்கூடங்களிலோ எவரும் கேளாமலே விரல்கள் காணிக்கையாகின்றன.

கிள்ளானை அடுத்த மேரு வட்டாரத்து மரத்தளவாடத் தொழிற்கூடங்களில் மேசை ரம்பம் இன்றியமையாத கருவியாகும். பலகையையும் விரலையும் அது வேறுபடுத்தி அறியாது. அவ்வறிவை அதற்கு ஊட்ட 1999ஆம் ஆண்டில் வழி கண்டவர் அமெரிக்கரான ஸ்டீவன் காஸ். சுழலும் தகட்டில் மெல்லிய மின்குறிப்பு ஓடும். உடல் பட்டதும் அது மாறும். உடனே அலுமினியத் தடைக்கட்டை ஒன்று தகட்டின் பற்களில் பாய்ந்து, ஏறத்தாழ 5 மில்லி விநாடியில் அதை நிறுத்திவிடும். விரலில் சிறு கீறலே எஞ்சும். ஆயின் தடைக்கட்டையைப் புதிதாக வாங்க வேண்டும். பெரும்பாலும் தகட்டையும் மாற்ற வேண்டும். இயந்திரத்தின் விலையும் மிகுதி.

இச்செலவை யார் ஏற்பது? மலேசியாவின் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், இழந்த விரலுக்கு இத்தனை விழுக்காடு என அட்டவணையிட்டுள்ளது. அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு அச்சட்டத்தின் காப்பு 2019 ஜனவரி முதல் மீண்டும் கிட்டியது. 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ, முதலாளி இயன்றவரை காக்க வேண்டும் என்கிறது. ‘இயன்றது’ எது என்பதை அளக்க இடரின் கடுமை, அதைப் பற்றிய அறிவு, நீக்கும் வழி, அதற்காகும் செலவு ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது.

செலவைக் கருதுவது தவறன்று. தாங்கொணாச் செலவால் தொழிற்கூடம் மூடப்பட்டால், தொழிலாளியின் உலையும் கொதிக்காது. ஆனால் கருவிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். கருவி இல்லாமைக்கு விரல் கொடுப்பவர் வேறொருவர். இழப்பு பிறருடையதாகும்போது சிக்கனம் எளிதில் அறமாகத் தோன்றும். தகட்டுக்கு மேலுறை, பலகையைத் தள்ளும் கட்டை போன்ற மலிவான காப்புகளைக்கூட ‘வேலை தாமதமாகும்’ என்று அகற்றுமிடத்தில், செலவு காரணமன்று; சாக்கு.

காஸ் தம் கருவியைத் தம் விரலையே வைத்துச் சோதித்தார். செலவைக் கணக்கிடுவோர்க்கும் அதுவே உரைகல்லாகட்டும். ‘இது என் விரலாயின், என் மகனின் விரலாயின், இத்தொகையை மிகை என்பேனா?’ என்று கேட்டபின் அவர்கள் தீர்ப்புக் கூறட்டும். இழந்தபின் தரும் தொகை ஈடு ஆகலாம், விரல் ஆகாது. இழக்குமுன் செய்யும் செலவே அவ்விரலுக்கு நாம் தரும் உண்மையான மதிப்பு.