விடுதிப் புள்ளிகளும் அமானிதமும்

பிரயாணிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகைகளை நாம் அறிவோம். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக் கொள்ளலாம். நோன்பைப் பின்னொரு நாளைக்கு ஒத்திப் போடலாம். இச்சலுகைகளைக் கொடுத்தவன் யார், பெறுகிறவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இன்றைய பிரயாணிக்கோ வேறொரு சலுகையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கொடுப்பவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார், அதைப் பெற உரியவர் யார் என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வருவதில்லை.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் பணிபுரியும் நம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கம்பெனி வேலையாக வாரந்தோறும் வெளியூர் செல்கிறவர். திங்கட்கிழமை புறப்பட்டால் வியாழக்கிழமைதான் வீடு திரும்புவார். இடைப்பட்ட இரவுகளெல்லாம் விடுதி அறைகளில். வாடகை கம்பெனியின் கணக்கில். ஆனால் அந்த வாடகைக்காக விடுதி நிறுவனம் வழங்கும் ‘புள்ளிகள்’ அவருடைய பெயரில் சேர்கின்றன. இரண்டு ஆண்டுகளில் சேர்ந்ததைக் கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் தம் தாயாரையும் மனைவி மக்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, மெம்பிஸ், பர்மிங்ஹாம், மாண்ட்கமரி, செல்மா என்று தென் மாநிலங்களைச் சுற்றி வரத் திட்டமிட்டிருக்கிறார். ஏழு இரவுகள், அறை வாடகை ஒரு டாலரும் இல்லை. இதைக் கேட்ட தாயார், “காசு வாங்காம எப்படி வாப்பா ரூம் கொடுக்கிறான்? அது யாரு காசு?” என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நம்மைக் கேட்கிறார் அன்பர்.

உம்மா கேட்டது சரியான கேள்வி. எதுவும் இலவசமாக வருவதில்லை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனி, திரும்பத் திரும்பத் தன் விமானத்தில் ஏறுகிறவர்களுக்கு மைல் கணக்கு வைத்துப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன், மாரியட் ஆகிய விடுதி நிறுவனங்களும், 1987இல் ஹில்டனும் அதே வழியில் இறங்கின. வாடகையாகச் செலுத்தும் ஒவ்வொரு டாலருக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு. மாரியட், ஹில்டன் விடுதிகள் பெரும்பாலானவற்றில் டாலருக்குப் பத்து. போதிய புள்ளி சேர்ந்ததும் அதைக் கொடுத்து ஓர் இரவு தங்கலாம்.

இதில் பணம் போடுகிறவர் விடுதியின் உரிமையாளர். அங்கே பெயர்ப்பலகை ஒரு நிறுவனத்துடையது, கட்டடமோ பெரும்பாலும் வேறொருவருடையது. அந்த உரிமையாளர்களில் குஜராத்திலிருந்து சென்ற குடும்பத்தினர் மிகப் பலர். புள்ளி பெறும் விருந்தினர் தங்கும்போதெல்லாம், வாடகையில் ஒரு பங்கை அவர்கள் பெயர்ப்பலகை நிறுவனத்திற்குக் கட்டுகிறார்கள். பின்னர் ஒருவர் புள்ளி கொடுத்துத் தங்கினால் நிறுவனம் அவர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. விடுதி நிறைந்திருக்கும் நாளில் கூடுதலாகவும், அறைகள் காலியாகக் கிடக்கும் நாளில் மிகக் குறைவாகவும். இச்செலவெல்லாம் முடிவில் வாடகைக்குள்தான் போய் ஒளிந்து கொள்கிறது. புள்ளி என்றால் என்னவென்றே அறியாத ஏழைப் பிரயாணியும் அதே வாடகையைத்தான் கொடுக்கிறார்.

(புள்ளிகளுக்கு ஸகாத் உண்டா என்று வேறு சில நேயர்கள் கேட்கக்கூடும். இத்திட்டங்களின் விதிகளைப் படித்தால், புள்ளிகள் உறுப்பினரின் சொத்தல்ல, நிறுவனம் நினைத்தால் மாற்றவோ நீக்கவோ செய்யலாம் என்றே பொதுவாக எழுதியிருக்கிறார்கள். அதனை ஆலிம்களின் ஆய்வுக்கு விட்டு, நம் கேள்விக்கு வருவோம்.)

கம்பெனியின் பணத்தில் சேர்ந்த புள்ளி ஊழியனுக்கு ஆகுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி உடனே நம் நினைவுக்கு வருகிறது. அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரை ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். பெருமானார் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பொறுப்பைப் பார்த்து வந்த அன்பளிப்பு வேறு, ஆளைப் பார்த்து வந்த அன்பளிப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் அன்பர் வீட்டிலேயே இருந்திருந்தால் ஒரு புள்ளியும் வந்திராது. எனவே, கூடாது என்று சொல்லி முடித்துவிடலாமா? சிலர் அவ்வாறு சொல்லக்கூடும். நாம் சற்று நிதானிக்க விரும்புகிறோம். வசூலிக்கச் சென்றவருக்கு உடையவரின் அனுமதி இருக்கவில்லை. இங்கே பணத்துக்கு உடையவர் கம்பெனி. புள்ளி சேர்வதும் அதற்குத் தெரியும். தெரிந்தே, ‘நீ வைத்துக்கொள்’ என்று அது சொல்லுமானால், அது உடையவர் மனமுவந்து கொடுத்த கொடையாகிவிடுகிறது. வாரத்தில் மூன்று இரவு பிள்ளைகளைப் பிரிந்து கிடக்கிறவனுக்கு அதையாவது கொடுப்போம் என்றே பல கம்பெனிகள் விட்டுவிடுகின்றன.

இவ்விஷயத்தில் அரசுகளே ஒரு வழியில் நிற்கவில்லை. அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் அரசு வேலையாகச் சென்று ஈட்டிய மைல்களும் புள்ளிகளும் நெடுங்காலம் அரசுக்கே சொந்தமாக இருந்தன. 2001 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றி, ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆயினும் இரண்டு நிபந்தனைகளை விதித்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அதே விதிமுறைப்படி அது கிடைத்திருக்க வேண்டும். அதனால் அரசுக்குக் கூடுதலாக ஒரு செலவும் ஏற்பட்டிருக்கக் கூடாது. மறு ஆண்டே, 2002 ஜூலையில், ஜெர்மனியில் வேறு விதமாக நடந்தது. பதவிப் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதாக எழுந்த சர்ச்சையில், பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராயிருந்த கிரெகோர் கீசி பதவியை விட்டே விலகினார். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கள் அம்மைல்களை அரசு வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாட்டில் சட்டம் அனுமதித்த செயல், இன்னொரு நாட்டில் ஒருவரின் பதவியைப் பறித்தது! உடையவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதே இரண்டையும் பிரித்தது.

அமெரிக்கச் சட்டத்தின் இரண்டாவது நிபந்தனையை நேயர்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். கூடுதல் செலவு ஏற்பட்டிருக்கக் கூடாது. சட்டம் செய்தவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஏனெனில் இத்திட்டத்தின் உயிர்நாடியே இதுதான்: செலவழிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பரிசு தேர்ந்தெடுப்பவருக்கு. வேலை நடக்கும் இடத்துக்கு எதிரிலேயே 110 டாலரில் சுத்தமான அறை இருக்கிறது. இரண்டு மைல் தள்ளி, புள்ளி தரும் விடுதியில் 180 டாலர். எங்கே தங்குவது? முன்பதிவு செய்து தரும் இடைத்தரகர்களின் வலைத்தளத்தில் சில வேளை வாடகை மலிவாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிவு செய்தால் பெரும்பாலும் புள்ளி சேராது. எப்படிப் பதிவு செய்வது? புதன் மாலையே வேலை முடிந்துவிடுகிறது, இன்னும் ஓர் இரவு தங்கினால் அடுத்த படி உறுப்பினராகிவிடலாம். வீட்டுக்குத் திரும்புவதா, தங்குவதா? ஒவ்வொரு தடவையும் ‘பாதுகாப்பான இடம்’, ‘களைப்பாக இருக்கிறது’ என்று ஒரு நல்ல காரணம் கையோடு கிடைத்துவிடும். கணக்குப் பார்க்கும் குமாஸ்தா கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி வரம்பு 200 டாலர் என்றால், 180 டாலர் சீட்டில் குற்றம் காண யாரால் முடியும்?

கம்பெனி அனுமதித்தது, தன் நன்மைக்காகத் தேர்ந்தெடுத்த அறையிலிருந்து தானாக உதிரும் புள்ளியை. புள்ளிக்காகத் தேர்ந்தெடுத்த அறையை அது அனுமதிக்கவில்லை. அந்த எழுபது டாலர் வித்தியாசத்தில் அமானிதம் முறிந்துபோகிறது. அதிலிருந்து வந்த புள்ளியில் தாயாரை அழைத்துப்போய்த் தங்க வைப்பதை நம்மால் சரியென்று சொல்ல இயலவில்லை.

ஆகவே அன்பர் செய்ய வேண்டியது கடினமானதன்று. இரண்டு ஆண்டு ரசீதுகளும் அவருடைய மின்னஞ்சலில்தான் கிடக்கும். உட்கார்ந்து புரட்டிப் பார்க்கட்டும். புள்ளியே இல்லாதிருந்தால் இந்த அறையை எடுத்திருப்பேனா என்று ஒவ்வொன்றுக்கும் தம்மையே கேட்கட்டும். இல்லை என்று தோன்றுகிறவற்றின் புள்ளிகளைக் கம்பெனியின் அடுத்த பிரயாணத்துக்கே செலவழித்துவிட்டால் பணம் உடையவருக்குத் திரும்பிவிடும். கம்பெனியில் இது பற்றி எழுத்தில் விதி இல்லையென்றால், மேலாளருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்பதில் கூச்சமென்ன?

இன்னொரு சேதியும் அவர் கடிதத்தில் இருக்கிறது. குறைகிற புள்ளிகளுக்காக, விடுதி நிறுவனத்தின் பெயரில் வங்கி வழங்கும் கடன் அட்டை ஒன்றை வாங்கலாமா என்கிறார். மாதக் கடைசியில் முழுவதும் கட்டிவிடுவதால் தாம் வட்டி கட்டப் போவதில்லை என்று சமாதானமும் சொல்கிறார். அவர் கட்டமாட்டார், உண்மை. ஆனால் அப்புள்ளிகளை வங்கி விலை கொடுத்து வாங்கித்தான் அவருக்குத் தருகிறது. அந்த விலை கடைக்காரர்களிடம் பிடிக்கும் கட்டணத்திலிருந்தும், கடனை முழுவதும் கட்ட முடியாதவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும் வருகிறது. அமெரிக்க மைய வங்கி 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, இத்தகைய அட்டைச் சலுகைகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி டாலர் படிப்பும் வசதியும் குறைந்தவர்களிடமிருந்து படித்தவர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் போய்ச் சேர்வதாகக் கணக்கிட்டது. கம்பெனிப் புள்ளியில் நமக்கிருந்த தயக்கம் அனுமதியால் தீர்ந்தது. இங்கே அனுமதி கொடுக்க வேண்டியவர் யாரென்றே தெரியாது. நாமாக இருந்தால் வாங்கமாட்டோம்.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். சொந்தமாகச் சேர்ந்த நல்ல புள்ளிகளை வைத்துத் திட்டமிடுவதில் தவறில்லை. கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வோம். நான்கு இரவுக்குப் புள்ளி கொடுத்தால் ஐந்தாவது இரவு இலவசம் என்ற ஏற்பாடு மாரியட்டில் இருக்கிறது. ஊருக்கு ஓரிரவு என்று ஓடுகிறவர்களுக்கு அது பயன்படாது. ஓரிடத்தில் தங்கிச் சுற்றினால்தான் பயன்படும். சமையலறையோடு கூடிய அறைகள் தரும் விடுதிகளும் உண்டு. ஹலால் உணவு எளிதில் கிடைக்காத ஊர்களில் அது பெரிய நிஃமத்து. ஆனால், எங்கே தங்குவோமோ தெரியவில்லை என்று ஒரே இரவுக்கு மூன்று ஊர்களில் அறை பிடித்து வைத்து, கடைசி நாளில் இரண்டை ரத்துச் செய்யும் பழக்கம் பரவியிருக்கிறது. புள்ளிகள் திரும்பி வந்துவிடும் என்பதால் செய்கிறவருக்கு நஷ்டமில்லை. அந்த இரவில் இடமில்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு இருட்டில் அடுத்த ஊருக்குக் கார் ஓட்டிய குடும்பத்தை அவர் பார்க்கப் போவதுமில்லை.

அதிலும் அன்பர் செல்லவிருக்கும் பாதையில் இடமில்லை என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மெம்பிஸ் நகரில்தான் 1952இல் முதல் ஹாலிடே இன் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் காரில் வாஷிங்டன் போனார். வழியிலிருந்த விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகக் காசு கேட்டன. அந்த ஆத்திரத்தில் பிறந்த விடுதி அது. அதே காலத்தில், காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் கறுப்பினக் குடும்பத்துக்கு அறை தர மறுத்த விடுதிகள் அப்பாதையெங்கும் இருந்தன. எங்கே இடம் கிடைக்கும் என்று சொல்வதற்காகவே நியூயார்க்கில் விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டு வந்தார். 1964இன் சட்டம்தான் அந்த மறுப்பைச் சட்டவிரோதமாக்கியது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதியின் முதலாளி அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்.

மெம்பிஸின் லொரெய்ன் விடுதி இப்போது அருங்காட்சியகம். துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவ்விடுதியின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது சுடப்பட்டார். பிள்ளைகளை அங்கே அவசியம் அழைத்துச் செல்லும்படி அன்பருக்கு எழுதியிருக்கிறோம். புள்ளியால் எடுத்த அறையின் ரசீதில் வாடகை பூஜ்யம் என்றிருக்கும். காலையில் அந்த அறையைக் கூட்டித் துடைத்துப் படுக்கை மாற்ற வரும் பெண்ணுக்காக இரவுக்குச் சில டாலர் வைத்துவிட்டு வருவது அந்நாட்டு வழக்கம். ஏழு இரவுக்கும் உரிய அந்தத் தொகையைச் சில்லறையாக மாற்றி முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் எழுதினோம்.