பெற்றுக்கொண்டவன்

கிரேக்கப் புராணத்தில் கணவனுக்காக உயிரைக் கொடுத்தவள் என்றால் அல்கெஸ்டிஸைத்தான் முதலில் சொல்வார்கள். தெசலி நாட்டில் ஃபெரே என்ற ஊரின் அரசன் அட்மீட்டஸின் மனைவி. ஒரு காலத்தில் அவனிடம் மாடு மேய்த்த அப்பல்லோ தேவன், விதியின் தெய்வங்களை ஏமாற்றி அவனுக்கு ஒரு சலுகை வாங்கித் தந்தான்: அவனுக்குப் பதிலாக யாராவது சாகச் சம்மதித்தால் அவன் பிழைக்கலாம். வயதான தாயும் தந்தையும் மறுத்துவிட்டார்கள். மனைவி சம்மதித்தாள். கி.மு. 438இல் யூரிப்பிடிஸ் ஏதென்ஸில் மேடையேற்றிய நாடகம், அவள் சாகும் நாளில் நடக்கிறது.

*

அன்று அவள் என்ன செய்தாள் என்பதை ஒரு பணிப்பெண் வந்து சொல்கிறாள். ஆற்று நீரில் குளித்தாள். தேவதாரு மரப்பெட்டியைத் திறந்து நல்ல உடையும் நகையும் எடுத்து அணிந்தாள். அடுப்பங்கனலின் தெய்வத்தின் முன் நின்று, மகனுக்கு அன்பான மனைவி வர வேண்டும், மகளுக்கு நல்ல கணவன் அமைய வேண்டும், தன்னைப்போல் அவர்கள் அற்பாயுளில் போய்விடக் கூடாது என்று வேண்டினாள். வீட்டிலிருந்த பலிபீடங்கள் ஒவ்வொன்றுக்கும் போனாள். மிர்ட்டில் கிளைகளிலிருந்து இலைகளை உருவினாள். கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. முகம்கூட வாடவில்லை.

படுக்கையறைக்குள் நுழைந்ததும் உடைந்துபோனாள். கட்டிலில் விழுந்து முத்தமிட்டு, விரிப்பு நனைய அழுதாள். எழுந்து வெளியே போவாள். திரும்பி வந்து மறுபடியும் அதில் விழுவாள். குழந்தைகள் உடையைப் பற்றிக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருவராகத் தூக்கி அணைத்துக்கொண்டாள். பணியாட்கள் எல்லோருக்கும் வலக்கையை நீட்டினாள். எவ்வளவு கீழான வேலை செய்பவனையும் விட்டுவிடவில்லை.

சாவது என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டாள். ஆனாலும் கால்கள் அறைக்குத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. அவளுடைய தியாகத்தின் எடை எனக்குத் தெரிவது இந்தப் போக்குவரத்தில்தான்.

*

கணவனிடம் தெளிவாகப் பேசுகிறாள். நான் சாக வேண்டிய கட்டாயமில்லை. தெசலியில் விரும்பிய ஒருவரை மணந்து செல்வமாக வாழ்ந்திருக்கலாம் என்கிறாள். கேட்பது ஒன்றே ஒன்று: பிள்ளைகளுக்குச் சிற்றன்னை வேண்டாம்.

அட்மீட்டஸ் அதற்கு மேலும் வாக்களிக்கிறான். வீட்டில் இனி பாட்டில்லை, விருந்தில்லை. அவளைப்போல் ஒரு சிலை செய்வித்துக் கட்டிலில் கிடத்தி, கட்டிக்கொண்டு பெயர் சொல்லி அழைப்பேன் என்கிறான். தன்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சவும் செய்கிறான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் படிக்க இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. யாருக்காக அவள் போகிறாளோ அவனே போகாதே என்கிறான். உன் உயிரைத் திருப்பி எடுத்துக்கொள் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அவன் சொல்லாமல் விட்டதைச் சுட்டிக்காட்டுவது அவனுடைய தந்தை. மகன் தன்னைக் கோழை என்று ஏசும்போது கிழவர் திருப்பிக் கேட்கிறார்: சாவுக்குப் பயந்து மனைவியை முன்னால் அனுப்பியவன் யார்? இருவருமே அசிங்கமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் கிழவரின் கேள்விக்குப் பதில் இல்லை.

*

அடக்கம் முடிந்து வீட்டு வாசலில் நிற்கும்போது அட்மீட்டஸுக்குப் புரிகிறது. உள்ளே காலியான கட்டில், அவள் உட்கார்ந்த நாற்காலி, கூட்டப்படாத தரை. தன் நிலையைவிட அவள் நிலை மேல் என்கிறான்: அவளை இனி எந்தத் துன்பமும் தொடாது, புகழோடு போய்விட்டாள், தனக்கு மிஞ்சியது பழி சுமந்த பிழைப்பு. மனைவியின் பக்தியைப் பாடியவர்கள் ஏராளம். அதை ஏற்றுக்கொண்டு வாழ வேண்டியவனின் நிலைமையை யூரிப்பிடிஸ் அளவுக்கு நின்று பார்த்தவர்கள் குறைவு.

*

பிறகு மாவீரன் ஹெராக்கிளிஸ் கல்லறையில் காத்திருந்து, சாவோடு மல்லுக்கட்டி அவளை மீட்டுவருகிறான். முக்காடிட்டு வருகிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பாதாளத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட தீட்டு மூன்றாம் நாள்தான் கழியும், அதுவரை அவள் குரலைக் கேட்க முடியாது என்று அவன் காரணம் சொல்கிறான். நாடகம் அதற்குள் முடிந்துவிடுகிறது. அட்மீட்டஸ் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம் அறிவிக்கிறான். அவள் பேசியிருந்தால் அவனிடம் முதலில் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

*

பிளேட்டோவின் 'விருந்து' நூலில் டியோட்டிமா என்ற பெண், அழியாப் புகழுக்காகத்தான் அல்கெஸ்டிஸ் செத்தாள் என்று விளக்கம் சொல்கிறாள். அந்தப் பணிப்பெண் சொன்னதைக் கேட்டவர்களுக்கு இது ஒட்டாது.

*

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒரு கல் சவப்பெட்டி இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்டியாவில் தச்சர் சங்கத் தலைவராக இருந்த யூனியஸ் யூஹோடஸ், தனக்கும் தன் மனைவி மெட்டிலியா ஆக்டேவுக்கும் செய்துவைத்தது. நடுவில் அல்கெஸ்டிஸ் கட்டிலில் இறந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆக்டேயின் முகம். அட்மீட்டஸுக்கு யூஹோடஸின் முகம். மேடையில் கோழை என்று ஏச்சு வாங்கிய முகத்தைத் தன் முகமாக அவர் செதுக்க வைத்திருக்கிறார். வலப்பக்கம் ஹெராக்கிளிஸ் அவளைத் திருப்பி அழைத்துவருகிறான். அங்கே அவளைப் பெற்றுக்கொள்ள நிற்கும் ஆளாக இருப்பதற்கு அவருக்கு வேறு முகம் கிடையாது.