முதல் தட்டு யாருக்கு?

லண்டனில் வாகமாமா உணவகத்துக்குள் போய் உட்கார்ந்ததும் பரிமாற வருகிறவர் ஒன்றைச் சொல்லிவிடுவார். எது முதலில் வெந்து முடிகிறதோ அது உடனே மேசைக்கு வரும். கூட வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வராது. சொல்லிவிட்டு, நம் முன்னால் விரித்திருக்கும் காகிதத்தில் நாம் கேட்ட உணவின் எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டுப் போவார். புதிதாக வருகிறவர்களில் பலர் இதைக் காதில் வாங்குவதில்லை. ஒருவர் முன்னால் ஆவி பறக்கும் ராமென் நூடுல்ஸ் கிண்ணமும் எதிரில் இருப்பவர் முன்னால் வெறும் காகிதமும் இருக்கும்போதுதான் அது உறைக்கும். அப்போது எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி தெரியும்: சாப்பிடலாமா, காத்திருக்கலாமா?

இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒரு பெரிய கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. சேர்ந்து சாப்பிடுவது என்று எதைச் சொல்கிறோம்?

அந்த உணவகத்தைத் தொடங்கியவர் ஆலன் யாவ். ஹாங்காங்கில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். 1992இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில், ஸ்ட்ரெத்தம் தெருவில், தரைக்குக் கீழே இருந்த ஓர் இடத்தில் முதல் கடையைத் திறந்தார். நீள மேசை, நீள பெஞ்சு, முன்பதிவு கிடையாது, தெருவரைக்கும் வரிசை. மாணவரும் அலுவலகக்காரரும் முன்பின் தெரியாதவரோடு தோள் உரசி உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சினார்கள். இன்று பிரிட்டனில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிளைகள். ஜப்பான், சீனா, தாய்லாந்து, கொரியா என்று ஆசியாவின் பாதி ஒரே அட்டையில் இருக்கும். இது அசல் ஜப்பானிய உணவே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ராமென், சீனாவிலிருந்து போனவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோனது. கியோசா என்கிற கொழுக்கட்டை, இரண்டாம் உலகப் போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியரால் அங்கே ஊரெங்கும் பரவியது. அந்த உணவகத்தில் பேர்போன காட்சு கறியின் குழம்பு, இந்திய மசாலாவை வெள்ளைக்காரர் பொடியாக்கி டின்னில் அடைத்து, அந்த டின் மெய்ஜி காலத்து ஜப்பானுக்குப் போய், அங்கே குழம்பாகி, பொரித்த இறைச்சித் துண்டின் மேல் ஏறி, மறுபடி லண்டனுக்கே வந்தது. ஜப்பானியச் சமையல் புத்தகங்களில் கறி 1872லேயே இருக்கிறது. இப்படி ஊர் சுற்றிய உணவிடம் அசல் விலாசம் கேட்பதில் அர்த்தமில்லை.

பரிமாறும் முறைக்கு வருகிறேன். அதற்குக் காரணம் அடுப்பு. பெருந்தீயில் வாணலியைக் குலுக்கி வதக்கும் நூடுல்ஸ் சில நிமிடங்களில் தயார். ராமெனில் நூடுல்ஸ் கொதிநீரிலிருந்து சாற்றுக்குள் விழுந்த கணத்திலிருந்தே ஊற ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிடம் வைத்திருந்தால் கொழகொழத்துப் போகும். காட்சுக்கு ரொட்டித்தூளில் தோய்த்துப் பொரிக்க நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடுப்பில், ஒவ்வொருவர் கையில். எல்லாம் சேரட்டும் என்று நிறுத்தினால் முதலில் முடிந்தது கெட்டுப்போகும். ஐரோப்பிய உணவகங்கள் வேறு வழியில் போயின. அங்கே ஒரு மேசையின் தட்டுகள் முழுவதும் ஒன்றாக வர வேண்டும். முந்தியது வெப்ப விளக்கின் கீழ் காத்திருக்கும். மேசை மரியாதைக்காக உணவைக் காக்க வைக்கிறார்கள். வாகமாமாவில் உணவுக்காக மேசை மரியாதையை விட்டுக்கொடுக்கிறார்கள்.

சீனக் குடும்பங்கள் சாப்பிடும் இடத்தில் இது சிக்கலே இல்லை. அங்கேயும் வெந்தது வெந்தபடி வரும். ஆனால் தட்டு மேசையின் நடுவில் வந்து உட்காரும். மீன் முதலில் வந்தால் எல்லாருக்கும் மீன், கீரை பின்னால் வந்தால் எல்லாருக்கும் கீரை. யாரும் வெறும் மேசையைப் பார்க்க வேண்டியதில்லை. லண்டன் மேசையில் அந்தப் பழக்கத்தின் பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அடுப்பின் வேகம் ஆசியாவினுடையது. ஆளுக்கொரு கிண்ணம் என்ற கணக்கு மேற்கினுடையது. இரண்டும் ஒட்டாத இடத்தில்தான் நாம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தபோது குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். முதல் தட்டு அம்மாவுக்கு வந்தது. காய்கறி போட்டு வதக்கிய யாக்கி சோபா நூடுல்ஸ், சட்டியிலிருந்து இறங்கிய சூட்டோடு. அம்மா அதைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வரட்டும்யா. நான் பொறவு சாப்பிடுதேன்" என்றார்கள். ஆறிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம். "ஆறினா என்ன, நான் என்னைக்குச் சூடாச் சாப்பிட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். குறையாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்கள்.

நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் தேடவில்லை. "ஆச்சி, நடுவுல வைப்போம்" என்று தட்டை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். பரிமாறுகிறவரிடம் சின்னக் கிண்ணங்கள் கேட்டு வாங்கினாள். ஒரே தட்டில் எல்லாரும் கையைவிட ஆச்சி சம்மதிக்க மாட்டார்கள், எச்சில் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்து முதல் கிண்ணத்தை ஆச்சியிடம் நீட்டினாள். அடுத்து வந்த காட்சு கறியும் நடுவுக்கே போனது. இறைச்சிக்குப் பதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கத்தரிக்காயும் பரங்கிக்காயும் பொரித்துப் போட்டது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. காரம் போதாது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் உட்காருவார்கள், பிள்ளைகள் கூடவே. பெண்கள் பரிமாறுவார்கள். அம்மா கடைசியில், அடுக்களையில், மிச்சம் இருக்கிற குழம்பை வழித்துச் சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல். வரிசையை முடிவு செய்தது அடுப்பல்ல. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்திய மனித வளர்ச்சி ஆய்வு என்ற பெரிய கணக்கெடுப்பு, உங்கள் வீட்டில் பெண்கள் ஆண்களோடு சாப்பிடுகிறார்களா, முன்னாலா, கடைசியிலா என்று தனிக் கேள்வியாகவே கேட்கிறது. அப்படிக் கேட்க வேண்டிய நாடு இது.

2025இன் உலக மகிழ்ச்சி அறிக்கையில் சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு வாரத்தின் மதியமும் இரவுமாகப் பதினான்கு வேளைச் சாப்பாட்டில், தெரிந்த ஒருவரோடு எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று பல நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் சராசரி ஒன்பதை நெருங்குகிறது. தெற்காசியா நான்குக்கும் கீழே. வட்டாரங்களில் கடைசி இடம் நமக்கு. கூட்டுக் குடும்பம், விருந்து, பந்தி என்று பெருமை பேசுகிற நமக்கு! அந்த அறிக்கை இதற்குக் காரணம் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிடும் வீடுகளை நினைத்தால் எனக்கு அந்த எண் ஆச்சரியம் தரவில்லை.

யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது தமிழ்நாட்டில் எப்போதுமே உணவைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில்தான் சேரன்மாதேவி. 1920களில் அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் காங்கிரசையே உலுக்கியது. பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதில் அதற்கும் பங்குண்டு. இன்று கோயில்களில் சுதந்திர தினத்தன்று சமபந்தி விருந்து நடக்கிறது. சாதியின் பேரில் பந்தி பிரித்ததை எதிர்த்துப் போராடத் தெரிந்த நாம், வீட்டுக்குள் பிரிந்து கிடக்கும் பந்தியைப் பாசம் என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

பாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் வயிறு நிறைவதைப் பார்த்து அம்மாவுக்குக் கிடைத்த நிறைவு உண்மையானது. பிறர் உண்ணக் காத்திருப்பது அன்பின் மிக நல்ல வடிவங்களில் ஒன்று. ஆனால் நாற்பது ஐம்பது வருடம் ஒரே ஆள் மட்டும் காத்திருந்தால், அந்த அன்பில் மற்றவர்கள் பங்கு என்ன என்று கேட்கத்தானே வேண்டும்? அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவுக்காக நாங்கள் யாரும் இலையில் கைவைக்காமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வாகமாமா ஒரு வியாபார நிறுவனம். சமத்துவம் பரப்ப அவர்கள் கடை திறக்கவில்லை. மேசை சீக்கிரம் காலியானால் அவர்களுக்கு லாபம். இருந்தாலும் அந்த முறையில் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறது. தட்டு யாருக்கு முதலில் வரும் என்பதை அங்கே வயதும் சம்பாத்தியமும் ஆண் பெண் என்பதும் தீர்மானிப்பதில்லை. நெருப்பு தீர்மானிக்கிறது. ஒரு நாள் பேத்திக்கு முதலில், ஒரு நாள் ஆச்சிக்கு முதலில். அதன் மேல் நடுவில் வைத்துப் பகிர்வதையும் சேர்த்துக்கொண்டால், உணவும் கெடாது, யாரும் தனியாக உட்காரவும் வேண்டாம்.

இதற்கு லண்டன் போக வேண்டியதில்லை. நம் வீட்டில் தோசை சுடும் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தோசையும் ஒவ்வொன்றாகத்தான் வரும். கல்லிலிருந்து இறங்கிய நிமிடத்தில் சாப்பிட்டால்தான் முறுகல். எல்லாரும் தின்று எழுந்த பிறகு, சட்டினி வற்றிய கிண்ணத்தோடு கடைசித் தோசையை நின்றபடி பிய்த்துத் தின்பவர் யார் என்று நம் எல்லாருக்கும் தெரியும். கல் ஒன்று, சுடும் கை ஒன்றே ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறதா என்ன? அடுத்து உங்கள் வீட்டில் தோசை சுடும் ராத்திரியில், இரண்டாவது தோசை இறங்கியதும் எழுந்து போய்க் கரண்டியைக் கையில் வாங்குங்கள். சுட்டவரை உட்காரச் சொல்லுங்கள். அடுத்த முறுகல் தோசையை அவர் தட்டில் போடுங்கள்.