சோறு போட்டவர்களின் கணக்கு

ஆடிப் பதினெட்டு அன்று ராசிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு வீரர் விழா எதிர்ப்படும். கிழக்கே கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. மேற்கே சங்ககிரியில், 1805ஆம் ஆண்டு ஆடிப் பெருக்கன்று கிழக்கிந்தியக் கும்பினி தூக்கிலிட்ட தீரன் சின்னமலைக்கு மாலை. இருவருமே களத்தில் தோற்றவர்கள். தோற்றவர்களைக் கொண்டாடுவது தமிழருக்குப் புதிதில்லை, அதில் குறையும் இல்லை. ஆனால் மாலை விழுந்த பிறகு மேடைப் பேச்சு நெஞ்சை நிமிர்த்தித் தூக்குக்கயிறு வரை நடந்த ஒருவரைச் சுற்றியே நின்றுவிடுகிறது. அவர் மறைந்து திரிந்த நாட்களில் கூழ் ஊற்றியவர்கள், திண்ணையில் படுக்க இடம் தந்தவர்கள், சிப்பாய்கள் தேடி வந்தபோது அவர்கள் வீடு பட்ட பாடு ஆகியவை அந்த மேடைக்கு அபூர்வமாகவே வருகின்றன.

விடுதலைப் போர் நடத்துகிறவரின் அறத்தை அளக்க அந்த வீட்டு வாசல்தான் சரியான இடம். தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு; அதில் வழக்கு இல்லை. வெல்வது அரிது என்று தெரிந்த போரில் பிறர் உயிரையும் பிறர் கூரையையும் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் வழக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1800இல் தென்னாட்டில் எழுந்த போர் ஆத்திரத்தில் எழுந்ததல்ல. 1799 மே 4இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியாக நின்றால் தனித்தனியாகவே அழிவோம் என்பதை விருப்பாச்சி கோபால நாயக்கரும் சிவகங்கை மருதிருவரும் கொங்கில் சின்னமலையும் புரிந்துகொண்டார்கள். மைசூர்ச் சீமையில் தூந்தாஜி வாக், மலபாரில் பழசி ராஜா கேரள வர்மா என்று மொழி கடந்து ஆள் சேர்ந்தது. கும்பினிப் படையின் ஒரு பகுதி தூந்தாஜியைத் துரத்திக்கொண்டிருந்த வேளை அது. அடிக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணைவர் வலிமை நான்கையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம். அந்த நான்கையும் அவர்கள் நிறுத்தே பார்த்தார்கள்.

முறிந்தது நாள் பொருத்தத்தில். 1800 ஜூன் 3, முஹர்ரம் பத்தாம் நாள். கோயம்புத்தூர்க் கோட்டைக் காவலில் இருந்த முஸ்லிம் வீரர்கள் அன்று அந்த நிகழ்வில் இருப்பார்கள் என்று கணக்கிட்டுத் தாக்குதலுக்கு அந்த நாளைக் குறித்தார்கள். திட்டமிட்டபடி படைகள் ஒன்றுசேரவில்லை. தாக்குதல் சிதறியது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கில் தொங்கினார்கள். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 10இல், ஆர்தர் வெல்லெஸ்லியின் படை தூந்தாஜியைக் கொன்றது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லெஸ்லிதான்.

பண்டிகை நாளில் தாக்கத் திட்டமிட்டது முறையா என்று ஒரு கேள்வி எழும். தமிழில் போர் அறத்துக்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அம்பு விடுவதற்கு முன் பசுக்களையும் அந்தணர்களையும் பெண்களையும் நோயாளிகளையும் பிள்ளை இல்லாதவர்களையும் பாதுகாப்பான இடம் தேடிப் போகச் சொல்லும் மன்னனின் முறை புகழப்படுகிறது. அழகான முறைதான். ஆனால் அது பலசாலியின் முறை. பறையறைந்து போருக்கு வருகிறவனுக்கு எதிரி விழித்துக்கொள்வதால் நட்டமில்லை. பீரங்கியும் குதிரைப்படையும் கும்பினியிடம் இருக்க, கொங்கின் காடுகளில் இருந்தவர்களுக்கு எதிரி விழித்திராத நேரம் ஒன்றே ஆயுதம். ஆகவே முஹர்ரம் நாளுக்காக அவர்களைக் குற்றவாளியாக்க முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எதிரிக்குத் தெரியாமல் வைக்கும் இரகசியம் ஊராருக்கும் தெரியாத இரகசியமாகிவிடுகிறது. பெருவழுதியின் அறிவிப்பைக் கேட்டவர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பலாம். கெரில்லாப் போரில் அந்த எச்சரிக்கையைக் கேட்கும் வாய்ப்பே ஊருக்குக் கிடைப்பதில்லை. இரவில் கதவைத் தட்டி வந்தவர்களுக்குச் சோறு போட்ட பெண், தான் ஒரு போரில் சேர்ந்துவிட்டதை மறுநாள் சிப்பாய்கள் வந்த பிறகே அறிகிறாள். அப்படிச் சேர்க்கப்பட்டவளிடம் தலைவர் பட்ட கடன், ஆயுதம் ஏந்தி விரும்பி வந்தவனிடம் பட்ட கடனைவிடப் பெரிது. வலியறிதலையும் காலமறிதலையும் இடனறிதலையும் வெற்றிக்கான உத்தி என்று மட்டும் படிப்பது வழக்கம். இந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து படித்தால் அவை முழுக்க அறத்துப்பால். கணக்கில் பிசகினால் வட்டி கட்டப்போவது அவள்.

1801இன் முடிவில் கணக்கு தலைகீழானது. மருதிருவர் நிலைகொண்டிருந்த காளையார்கோயில் காட்டுக்குள் பாதை வெட்ட முயன்று கும்பினிப் படை வாரக்கணக்கில் திணறியது. பிறகு பல பக்கமிருந்தும் நெருக்கி அக்டோபர் முதல் நாள் பிடித்தது. அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் போனார். அடுத்த ஆண்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும் அவர்களில் ஒருவர். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. இதற்கெல்லாம் பிறகும் சின்னமலையின் போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. காவிரிக்கு இக்கரையில், சேலம் நாமக்கல் சமவெளியில், 1792 முதலே குடியானவர்கள் கும்பினிக்குக் கிஸ்தி கட்டிப் பழகியிருந்தார்கள். அக்கரையில் ஓடாநிலையைச் சுற்றி ஒரு மனிதர் இன்னும் பணியவில்லை.

அந்த நான்கு ஆண்டுகளை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவது எளிது, ஆனால் நியாயமில்லை. துணைவலி முற்றிலும் வற்றிவிடவில்லை. மேற்கு மலைகளுக்கு அப்பால் வயநாட்டில் பழசி ராஜா 1805 நவம்பர் வரை போரிட்டுக்கொண்டிருந்தார். 1803இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. அதே ஆண்டு கும்பினி மராட்டியரோடும் மோதியது. பொறுத்திருந்தால் காற்று திரும்பும் என்று நம்ப அன்றைக்கு இடமிருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் 1776இல் நியூயார்க்கை இழந்த பின் செய்ததும் பெரும்பாலும் இதைத்தான்: படை அழியாமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தார், 1778இல் பிரான்ஸ் துணைக்கு வந்தது. வந்ததால் அவர் தேசத் தந்தையானார். வராதவருக்குச் சங்ககிரி. வெற்றி வாய்ப்பை மட்டுமே அறத்தின் அளவுகோலாக வைத்தால் எளியவர்கள் எந்தக் காலத்திலும் வலியவரை எதிர்க்கவே கூடாது என்றாகும். அந்தத் தீர்ப்பை எழுதிக் கொடுக்க எந்தப் பேரரசும் மகிழ்ச்சியோடு முன்வரும்.

ஆகவே போரைத் தொடங்கியதிலோ தொடர்ந்ததிலோ பழி இல்லை. ஆனால் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் உலையில் அரிசி கூடப் போட்டார். நம்பிக்கை தலைவருடையது, செலவு உலை வைத்தவருடையது. இந்தச் செலவு எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்ற கேள்வியைத் தலைவர் தனக்குள் வைத்திருந்தாரா என்பதில்தான் அவருடைய அறம் நிற்கிறது. 1916இல் டப்ளினில் எழுந்த ஐரிஷ் கிளர்ச்சி ஆறே நாளில் முடிந்தது. மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எந்தப் பக்கமும் சேராத நகரவாசிகள். கிளர்ச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் சரணடையும் ஆணையில் சொன்ன முதல் காரணம், ஊர் மக்கள் மேலும் கொல்லப்படுவதைத் தடுப்பது. சில நாட்களில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தொடங்கியபோது அந்த மக்களை எண்ணிப் பார்க்காதவர் என்று அவரைக் குறை சொல்லலாம். முடித்தபோது எண்ணினார்.

நம் நாட்டார் மனமும் இதை அறியும். காளையார்கோயில் கோபுரத்தை இடித்துவிடுவதாகக் கும்பினி மிரட்டியதால் மருதிருவர் தாமே பிடிபட்டார்கள் என்றொரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, தலைவர் என்றால் ஒரு கட்டத்தில் தன்னைக் கொடுத்துப் பிறவற்றைக் காப்பவர் என்று மக்கள் எதிர்பார்த்தது அந்தக் கதையில் தெரிகிறது.

சின்னமலை பற்றிய கதை வேறு திசையில் போகிறது. பழநிப் பக்கம் கருமலையில் மறைந்திருந்தபோது சமையற்காரர் காட்டிக்கொடுத்தார் என்கிறது வழக்கு. இருநூறு ஆண்டுகளாக அந்தச் சமையற்காரர் வசை வாங்குகிறார். அவருக்கு ஆசை காட்டினார்களா, பெண்டு பிள்ளைகளைப் பிடித்து வைத்து மிரட்டினார்களா என்று கதை கேட்பதில்லை. ஒரு சமையற்கட்டில் முடிந்துபோகும் நிலைக்கு ஒரு போர் வந்துவிட்டதென்றால் அது அங்கே தோற்கவில்லை. கோயம்புத்தூரிலும் காளையார்கோயிலிலும் தோற்றுத்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தலைவர்களுக்கிடையே விழுந்த ஓட்டைகளின் பழியைச் சோறு ஆக்கியவர் தலையில் இறக்கிவைப்பது வசதியானது. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவர் என்று எட்டப்பன் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறவர்களும், பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த பழைய பகையைத் தீர்க்காமலே போருக்குள் நுழைந்தது யார் பொறுப்பு என்று கேட்காமல் அதே வசதியைத்தான் அனுபவிக்கிறார்கள்.

சோறு போட்டவர்கள் விலை தெரிந்தே சேர்ந்த போராட்டமும் உண்டு. சேலம் நாமக்கல் சமவெளியில், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், 1925இல் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி ஐந்து ஆண்டு கழித்துத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். அந்த நடைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர். தொண்டர்கள் நூறு பேர் அளவில், ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் நேராகச் சோற்றில் கை வைத்தார்: நடப்பவர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம். அதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள்.

இதை வைத்து 1930இன் தலைவர்களை உயர்த்தி 1801இன் தலைவர்களைத் தாழ்த்தக் கூடாது. பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் இருந்த ஆட்சியை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு, ஊர் ஊராகத் தூக்குமரம் நட்ட ஆட்சியை எதிர்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பொட்டலம் கட்டியவர் என்ன தண்டனை என்று தெரிந்து கட்டினார், முடியாதென்று நினைத்தவர் வீட்டுக்குள் இருந்துகொண்டார். இருவரையும் யாரும் துரோகி என்று சொல்லவில்லை. விலையை முன்கூட்டியே ஊருக்குச் சொன்னதில் போராட்டத்தின் தலைவர்களைவிடக் கலெக்டருக்குத்தான் பங்கு அதிகம். அவர் அச்சுறுத்தவென்று ஒட்டிய அறிவிப்பு, பெருவழுதியின் பறை செய்த வேலையைத் தெரியாமலே செய்துவிட்டது.